மாவுக்கட்டு: சொல் விளக்கம்

முறிந்த எலும்பு அசையாமல் கூடிவர, பாரிஸ் சாந்து ஏற்றிய துணிச்சுருளை நனைத்துக் கையிலோ காலிலோ சுற்றிப் போடும் கெட்டியான கட்டுதான் மாவுக்கட்டு. மருத்துவமனைச் சீட்டில் ‘பி.ஓ.பி.’ என்றிருக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பதன் சுருக்கம் அது.

இதில் வரும் மாவு அரிசி மாவோ மைதாவோ அல்ல. தானியம் இல்லாத பொடியையும் நாம் மாவு என்கிறோம், கோலமாவு இல்லையா? எளிதில் பொடியாகும் கல்லுக்கு மாக்கல் என்றே பெயர். கட்டுக்கான மாவு ஜிப்சம் என்ற கனிமத்திலிருந்து வருகிறது. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அதற்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சிய தூளில் தண்ணீர் பட்டதும், இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊசி ஊசியான படிகங்களாகப் பின்னி இறுகும். கூடவே சூடும் கிளம்பும். கட்டுப் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த வெதுவெதுப்பு நினைவிருக்கும்.

பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டியதால் சாந்துக்கு அந்த ஊர்ப் பெயர். ‘பிளாஸ்டர்’ கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. மேலே அப்புவது என்று பொருள். முதலில் மருந்துப் பற்றைக் குறித்து, பிறகு சுவர்ப்பூச்சுக்குப் போய், மறுபடி மருத்துவமனைக்கே வந்து சேர்ந்த சொல். நம் பிளாஸ்திரியும் அதே குடும்பம்தான்.

சரி, அதைத் துணியில் ஏற்றியவர் யார்? அந்தோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ அறுவை மருத்துவர். 1805இல் நெதர்லாந்தின் பூடல் என்ற ஊரில், ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். ராணுவ மருத்துவமனைகளில் தொழில் கற்றார். 1837இல் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அவர் காலத்தில் பெயர்பெற்றிருந்தது பெல்ஜிய மருத்துவர் சூட்டானின் ஸ்டார்ச் கட்டு. கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைக்கும், ஆனால் காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் எலும்பு நகர்ந்துவிடும். நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துக் கட்டினார். நம் பக்கத்துப் புத்தூர் கட்டிலும் வெள்ளைக்கரு உண்டு என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலைப் பெட்டிக்குள் வைத்துச் சாந்தை ஊற்றும் முறையும் இருந்தது. பாரம் தாங்காமல் நோயாளி படுக்கையோடு கிடக்க வேண்டும்.

மத்தைசனின் தேவையே வேறு. நினைத்த நேரத்தில் போட வேண்டும், நிமிடங்களில் இறுக வேண்டும், புண் இருந்தால் பார்க்க வழி வேண்டும், சீழ் பட்டுக் கெடக் கூடாது, பாரமும் செலவும் குறைவாக இருக்க வேண்டும். 1851இல் ஹார்லெம் நகரில் பணியிலிருந்தபோது வழி கண்டார். பருத்தித் துணியில் உலர்ந்த சாந்துத் தூளை நன்றாகத் தேய்த்து ஏற்றி வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஈரப்படுத்தினார். அவ்வளவுதான். 1852இல் சிறு நூலாக வெளியிட்டார். ரஷ்ய மருத்துவர் பிரோகோவ் கிரிமியப் போரில் சாந்துக்கட்டைப் பெருமளவில் பயன்படுத்தினார். ஆனால் அவர் கரைத்த சாந்தில் துணியை முக்கியெடுத்தார். மத்தைசன் 1878இல் பெல்ஜியத்தின் ஹாமோன்ட் என்ற ஊரில் காலமானார்.

இதற்குச் சரியான தமிழ் எது? பாடநூல்களில் பாரிஸ் சாந்து என்கிறோம், அது பொருளின் பெயர். ‘சாந்துக்கட்டு’ தவறில்லை, ஆனால் சாந்து என்றாலே குழைத்தது. மத்தைசனின் சூட்சுமம் குழைக்காமல் பொடியாகவே துணியில் ஏற்றியதில் இருக்கிறது. அந்த வகையில் மாவுக்கட்டு இன்னும் கச்சிதம். புதுச்சொல் ஆக்கக் கிளம்புகிறவர்கள் இதை விட்டுவிடலாம். சிம்பு, தப்பை இரண்டும் வேறு: முறிந்த இடத்துக்கு அணைவாக வைக்கும் மூங்கில் பட்டை அல்லது பலகை.

அப்புறம், ‘குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு’ என்று செய்திகளில் வந்தால் அகராதிப் பொருளோடு நிறுத்தாதீர்கள். கைதானவர்களைப் பற்றிப் பேசும்போது அதற்கு, போலீஸ் அடித்தது என்ற வேறு அர்த்தம் ஏறிவிட்டது, படிப்பவர்களுக்கும் அது தெரியும். இப்போது வரும் கண்ணாடி இழைக் கட்டில் மாவே கிடையாது. அதை ஃபைபர் கட்டு என்பதே சரி.