புனைபெயரும் விலாசமும்

‘புனைபெயர்’ என்று எழுதும்போது நடுவில் ஒரு ‘ப்’ சேர்த்துவிடுகிறவர்களே அதிகம். அச்சிலும் ‘புனைப்பெயர்’ என்று அடிக்கடி வருகிறது. புனைந்த பெயர், புனைகின்ற பெயர், புனையும் பெயர் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. ஊறுகாயிலும் சுடுசோற்றிலும் போல இதிலும் வல்லினம் மிகாது. ஒற்றுப்பிழைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அந்த மூன்று காலமும் இந்தச் சொல்லுக்குத் தேவை. ஒருநாள் சூட்டிக்கொண்டதோடு புனைபெயர் முடிந்துவிடுவதில்லை. எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் அதைப் புனைந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு ‘சூடோனிம்’ என்கிறார்கள். கிரேக்கத்தில் ‘சூடேஸ்’ என்றால் பொய், ‘ஓனுமா’ என்றால் பெயர். பொய்ப்பெயர் என்ற குற்றச்சாட்டு அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் அந்தக் கறை இல்லை. மாலை புனைவது, ஓவியம் புனைவது, செய்யுள் புனைவது என்று கைவேலையையும் அழகையும் குறிக்கும் வேர் அது. அணிகலன் இன்றித் துயரோடு இருக்கும் அரசியை நெடுநல்வாடை ‘புனையா ஓவியம்’ என்கிறது. நூலின் முன்னுரைக்கு நன்னூல் தரும் பெயர்களுள் ஒன்று ‘புனைந்துரை’. இத்தனை நல்ல சொல் கையில் இருக்கும்போது, இணையத்தில் வேறு பெயரில் எழுதுகிற எல்லாரையும் ‘போலிக் கணக்கு’ என்று ஒரே கூடையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

செட்டிநாட்டுக்காரனாக இதை நான் சற்று அழுத்தியே சொல்வேன். ஒருவருக்கு ஒரே பெயர் என்பது எங்கள் ஊரில் என்றுமே இருந்ததில்லை. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்போம். பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’தான். மாமனார் பெயரைச் சொல்லி மருமகள் பிள்ளையை அதட்ட முடியுமா? எனவே வீட்டில் கூப்பிட இன்னொரு பெயர் வந்துவிடும். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. சிறுகூடல்பட்டியில் 1927-இல் பிறந்த முத்தையா, காரைக்குடிக்குச் சுவீகாரம் போன வீட்டில் நாராயணன், தமிழ்நாட்டுக்குக் கண்ணதாசன். காரைமுத்துப் புலவர், வணங்காமுடி, கமகப்பிரியா, பார்வதிநாதன், ஆரோக்கியசாமி என்றும் அவர் எழுதியிருக்கிறார். இவற்றில் எதைப் பொய் என்பது?

பெயருக்கு மேல் எங்களுக்கு விலாசம் என்று ஒன்றும் உண்டு. மற்ற ஊர்களில் விலாசம் என்றால் முகவரி. இங்கே அது குடும்பத்தையும் தொழிலையும் அடையாளம் காட்டும் தலைப்பெழுத்துக் கோவை. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த சிதம்பரம் செட்டியாரை ‘எம்.சிடி.எம்.’ என்றால்தான் பலருக்குத் தெரியும். கடல் கடந்து கொண்டுவிற்கப் போனபோது, கடையை நடத்திய ஏஜண்டு முதலாளியின் விலாசத்தைச் சேர்த்தே கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தில் வரவு செலவு செய்வது கடை. அவருடைய சொந்தக் கணக்கு வேறு ஏட்டில் இருக்கும். ஓர் ஏட்டுக் கணக்கை மற்றதில் கலந்துவிடாமல் இருப்பதுதான் நாணயம். இணையத்தில் இரண்டு பெயர்களை வைத்துக்கொள்கிறவர் செய்ய வேண்டியதும் இதுவே.

இதன் அருமை எனக்கு விளங்கியது என் அக்காள் மகளால். அவள் தன் இயற்பெயரில் பலகாரம் விற்கிறாள். மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று படம் போட்டு, போன் எண்ணும் கொடுத்து நடத்துகிற வியாபாரம். இன்னொரு பெயரில் கவிதை எழுதினாள். அந்தப் பெயரை இங்கே நான் எழுத மாட்டேன். கரு கலைந்த நாட்களைப் பற்றியும், அதன் பிறகு வீட்டு விசேஷங்களில் ஒதுங்கி நின்றதைப் பற்றியும் எழுதினாள். அதைத் தன் பெயரில் எழுதியிருந்தால் மாமியார், நாத்தனார், கணவர் எல்லாருடைய வாழ்க்கையையும் அவர்களைக் கேட்காமல் தெருவுக்குக் கொண்டுவந்தது ஆகியிருக்கும். மூன்று ஆண்டுகளில் அந்தப் பெயரைத் தேடிவந்து படிக்கிறவர்கள் சேர்ந்திருந்தார்கள்.

ஒரு கவிதையோடு ஒரு படம் போட்டாள். வளவு முற்றத்தின் ஓரத்தில் ஒரு பித்தளைத் தூக்கு, அதில் விளிம்பு வரை மழைநீர். முகம் இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. ஆனால் பாத்திரங்களில் விலாசம் வெட்டுவது எங்கள் வழக்கம். தூக்கின் வயிற்றில் அவள் அப்பச்சியின், அதாவது அப்பாவின், விலாசம் மூன்றெழுத்தாகப் பளிச்சென்று தெரிந்தது. தேவகோட்டையில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டார். விளக்கு வைப்பதற்குள் அவள் மாமியாருக்குப் போன் வந்துவிட்டது.

“பெயரைத்தானே அம்மான் மறைத்தேன், ஏனத்தை மறைக்கத் தோன்றவில்லையே” என்றாள் என்னிடம். அழவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

இதே செய்தி ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தில் இருக்கிறது. அகப்பாட்டில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். மனத்துக்குள் நடப்பதைப் பாடும்போது இன்னார் என்று பெயர் சொல்லக் கூடாது. நெடுநல்வாடையில் பாட்டுடைத் தலைவனின் பெயர் எங்கும் வராது. ஆனாலும் ‘வேம்புதலை யாத்த’ வேல் என்று ஓரிடத்தில் வந்துவிடுகிறது. வேப்பம்பூ பாண்டியனின் பூ. அந்த ஓர் அடையாளம் போதும் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்தப் பாட்டை அகத்திலிருந்து எடுத்துப் புறத்தில் வைத்தார். தூக்கில் இருந்த மூன்றெழுத்தும் அந்த வேப்பம்பூவும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

சொற்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பிறந்தபோது இட்டு, ஆவணங்களில் இருப்பது இயற்பெயர். இரு திணைக்கும் பொதுவான பெயர்களில் தொல்காப்பியர் முதலில் வைப்பதும் அதுதான். ‘ஏலியஸ்’ என்பதற்கு மாற்றுப்பெயர் போதும். பெயரே இல்லாமல் எழுதுகிறவர் பெயரிலி. மொட்டைக் கடிதம் இந்த வகை. அதற்குப் பதில் எழுத ஆள் இல்லை. புனைபெயருக்கு ஆள் உண்டு, நேற்றுச் சொன்னதை இன்று அவரிடம் கேட்கலாம். பெயர் கெட்டால் அவருக்கும் நட்டம். இன்னொருவரின் பெயரைத் தனது என்று காட்டுவதுதான் போலிப் பெயர். அப்படி ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘போலி’ என்ற இந்தச் சொல்லை மற்றவர்கள் மீது பூசக் கூடாது. 2011-இல் வந்த கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளமும் இயற்பெயரில்தான் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, 2014-இல் அந்த விதியைக் கைவிட்டது.

கணக்கு கலக்கும் இடங்கள் பெரும்பாலும் அற்பமானவை. இரண்டு பெயருக்கும் ஒரே மின்னஞ்சல், ஒரே போன் எண். போனில் உள்ள எண்களை ஏற்றிக்கொள்ளச் செயலிக்குச் சம்மதம் கொடுத்தால், ‘இவரைத் தெரிந்திருக்கலாம்’ என்று நாத்தனாரின் திரையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். படக் கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கக் கூடும். இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். நடையை என்ன செய்வது? வீட்டின் பகுதிகளைப் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று எழுதினாலே எந்தச் சீமை என்று தெரிந்துவிடும். அந்தச் சொற்களை எடுத்துவிடு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்துவிட்டால் கவிதையில் வீடு இருக்காது.

பழைய பெயரை அன்றே மூடிவிட்டாள். பலகாரப் படங்களில் இப்போது ஏனங்களின் எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. வேறொரு பெயரில் மறுபடி எழுதத் தொடங்கியிருப்பதாக மட்டும் சொன்னாள். அந்தப் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. எங்காவது ஒரு நல்ல கவிதை கண்ணில் பட்டு, அதில் பட்டாலையோ முற்றத்து மழையோ வந்தால், யார் எழுதியது என்று தேடாமல் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.