பாலைவனத்தில் கிடக்கும் இரும்பைத் தொடாதீர்கள்

குளிர்கால மழை நன்றாகப் பெய்த வருடங்களில், தெற்கு கலிபோர்னியாவின் ஆன்சா-பொரேகோ பாலைவனம் மார்ச் மாதம் பூத்துக் குலுங்கும். சான் டியேகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவசியம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அதே பூங்காவுக்குள் கரிசோ என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே யாரும் நுழையக்கூடாது. இரண்டாம் உலகப் போர்க் காலம் தொடங்கி 1950களின் கடைசி வரை கடற்படை விமானங்கள் குண்டு போட்டுப் பழகிய இடம் அது. பயிற்சி நின்று 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் தடை நீங்கவில்லை.

இப்படிப்பட்ட பழைய ராணுவப் பயிற்சி நிலங்களில் மண்ணுக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று கண்டறிவது என் தொழில். காந்தப்புலத்தை அளக்கும் கருவியை ஏந்தியபடி வரிசை வரிசையாக நடப்போம். கருவி இரைகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னக் கொடி நடுவோம். சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் வெறும் மணல்வெளியாக இருந்த இடமெல்லாம் கொடியாக நிற்கும். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலானவை கம்பி, ஆணி, குண்டுச் சிதறல். ஆனால் எது அப்படி இல்லை என்பது தோண்டும்வரை தெரியாது.

இவ்வளவு நிலம் எப்படிக் குண்டுகளுக்குப் போனது? போர் நெருங்கிய நேரத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு மூன்று விஷயங்கள் தேவைப்பட்டன: வருடம் முழுக்கத் தெளிவான வானம், ஆள் நடமாட்டம் குறைந்த நிலம், விலை கொடுக்க வேண்டாத நிலம். மூன்றும் மேற்குப் பாலைவனங்களில் கிடைத்தன. அங்கே பெரும்பகுதி மத்திய அரசின் பொதுநிலம். 1940 அக்டோபரில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஓர் உத்தரவில் நெவாடாவில் சுமார் 35 லட்சம் ஏக்கர் குண்டுவீச்சு, துப்பாக்கிப் பயிற்சித் தளமானது. அடுத்த ஆண்டு அரிசோனாவில் இன்னொன்று உருவானது. இன்று அதற்கு அரிசோனாவின் முன்னாள் செனட்டர் பேரி கோல்ட்வாட்டரின் பெயர். 1942இல் தளபதி பேட்டன் கலிபோர்னியா-அரிசோனா எல்லையில் டாங்கிப் படைகளுக்கான பாலைவனப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அது 1944இல் மூடப்பட்டது.

காலி நிலம் என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், உண்மையில் அது காலியாக இல்லை. நெவாடா தளம் மேற்கு ஷோஷோனி, தெற்கு பையூட் மக்களின் பூர்வீக மண்ணில் இருக்கிறது. நியூ மெக்சிகோவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள், போர் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பி 1942இல் வெளியேறின. அந்த மண்ணில்தான் 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டு சோதனை நடந்தது. குடும்பங்கள் திரும்பவே இல்லை. அதே மாநிலத்தில் 1957இல் ஜான் பிராதர் என்ற 80 வயதைக் கடந்த பண்ணைக்காரர், போகமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் வீட்டையும் சுற்றியுள்ள கொஞ்ச நிலத்தையும் அவருக்கு விட்டுவிட்டு, மற்றதை ராணுவம் எடுத்துக்கொண்டது.

இந்தப் பசிக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்று 1958இல் எங்கிள் சட்டம் வந்தது. அமைதிக் காலத்தில் 5,000 ஏக்கருக்கு மேல் பொதுநிலத்தை ராணுவம் எடுக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் நெவாடா தளத்தைப் பாருங்கள்: 1986இல் 15 ஆண்டு அனுமதி, 1999இல் 20 ஆண்டு, அப்புறம் 2021இல் இன்னும் 25 ஆண்டு. குண்டு விழுந்த நிலத்தைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பதைவிட, வைத்துக்கொள்வது எளிது. தற்காலிகம் நிரந்தரமானதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

எனக்கு அதிகம் கவலை தருவது வேலி போட்ட தளங்கள் இல்லை, திருப்பிக் கொடுத்த நிலங்கள்தான். போருக்குப் பிறகு பல இடங்களில் மேற்பரப்பில் கண்ணில் பட்டதைப் பொறுக்கிவிட்டு நிலத்தை ஒப்படைத்தார்கள். புதைந்தது புதைந்தபடியே கிடந்தது. காற்று மணலை அரிக்கும். திடீர் வெள்ளம் வறண்ட ஓடைகளில் குண்டை உருட்டி வேறிடத்தில் போட்டுவிடும். நேற்று இல்லாத இரும்பு இன்று வெளியே தெரியும்.

நாங்கள் அடிக்கடி பார்ப்பது எம்38 வகைப் பயிற்சிக் குண்டு. நாலடி நீளத் தகர உருளை, உள்ளே மணல், மொத்தம் 100 பவுண்டு. துருப்பிடித்து நசுங்கிக் கிடக்கும்போது பழைய தகர டப்பா போலத்தான் தெரியும். பயிற்சிக் குண்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே விழுந்தது என்று மேலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக, வால் தகடுகளுக்கு நடுவே மூன்று பவுண்டு கறுப்பு வெடிமருந்து வைத்திருப்பார்கள். விழுந்தபோது அது வெடிக்காமல் போயிருந்தால் இன்னும் அங்கேயே இருக்கும். பாலைவன வறட்சியில் அது வீணாவதில்லை. விரலைத் துண்டிக்கவும் உயிரை எடுக்கவும் அது போதும். பிற்காலத்துப் பயிற்சிக் குண்டுகளுக்கு நீல வண்ணம் பூசினார்கள். வெயிலில் வண்ணம் உதிர்ந்துவிடும் என்பதால் அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

1983 டிசம்பரில் சான் டியேகோவின் டியராசாண்டா குடியிருப்பில், வீட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தாக்கில் விளையாடப் போன சிறுவர்கள் ஒரு பழைய பீரங்கிக் குண்டை எடுத்தார்கள். அது வெடித்து இருவர் இறந்தார்கள். இருவருக்கும் 8 வயது. அந்தப் பகுதி முன்பு கேம்ப் எலியட் என்ற பயிற்சி முகாம். பாலைவனம்கூட இல்லை, புறநகர். 1986இல்தான் இப்படிப்பட்ட பழைய ராணுவ நிலங்களைச் சுத்தம் செய்யும் திட்டத்துக்குச் சட்டப்படி வழி பிறந்தது. ராணுவப் பொறியாளர் படை இன்றும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

பாலைவன ஊர்களில் மனை வாங்குகிறவர்கள் அந்த நிலம் முன்பு ராணுவப் பயிற்சிக்குப் பயன்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடைபயணம் போகிறவர்கள் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: தரையில் கிடக்கும் உலோகம் எதையும் தொடக்கூடாது, உதைக்கக்கூடாது, நினைவுப்பொருளாக எடுத்து வரக்கூடாது. ஏதாவது கண்ணில் பட்டால் வந்த வழியிலேயே திரும்புங்கள். நன்றாக விலகி வந்த பிறகு போன் செய்யுங்கள். பூங்காவுக்குள் என்றால் ரேஞ்சரிடம், மற்ற இடங்களில் 911. சிக்னல் இல்லையென்றால் இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, சாலைக்கு வந்ததும் சொல்லுங்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள். அவர்களும் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போவதில்லை. பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே வெடிக்கவைத்து அழிப்பார்கள்.