பிளஞ்ச் ரவுட்டர் எந்தப் பக்கம் இழுக்கும், ஏன்?

பலகையின் நடுவில் நீளமாகக் காடி, அதாவது வாய்க்கால் போன்ற பள்ளம், எடுக்க வேண்டும், மேசை விளிம்பை உருட்டிவிட வேண்டும், கதவில் பூட்டுக்குப் பள்ளம் தோண்ட வேண்டும். உளியும் கொட்டாப்புளியும் வைத்துச் செய்தால் பொறுமையாக உட்கார வேண்டிய இந்த வேலைகளை, மரத்தைச் சுழன்று வெட்டும் மின்கருவியான ரவுட்டர் சில நிமிடங்களில் முடித்துவிடும். கை டிரில் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டுவது அரிது. ரவுட்டரோ 24,000 வரை போகும். அதன் பயனும் ஆபத்தும் இந்த ஒரே எண்ணில்தான் இருக்கின்றன.

ரவுட்டரோடு வரும் கையேட்டில் 'செய்யாதே, செய்யாதே' என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதை மனப்பாடம் செய்வதைவிட, சுழலும் பிட்டுக்கும் (கருவியில் மாட்டும் வெட்டுமுனைக்கும்) மரத்துக்கும் நடுவே விசை எந்தப் பக்கம் போகிறது என்று ஒருமுறை புரிந்துகொள்வது மேல் என்பது என் கருத்து. அது புரிந்துவிட்டால் பாதி விதிகளை நாமே சொல்லிவிடலாம்.

முதலில் கருவியின் அமைப்பு. பிளஞ்ச் ரவுட்டரில் மோட்டார் இரண்டு எஃகுத் தூண்களில் மேலும் கீழும் வழுக்கி நகரும். ஸ்பிரிங் அதை எப்போதும் மேலே தூக்கியே வைத்திருக்கும். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து அழுத்தினால் பிட் கீழே இறங்கும், லீவரைத் திருப்பினால் அந்த ஆழத்தில் பூட்டிக்கொள்ளும், பூட்டை விட்டால் தானாக மேலே ஏறிவிடும். இதனால் ரவுட்டரின் அடித்தட்டு மரத்தில் தட்டையாகப் பதிந்த பிறகே பிட் மரத்தைத் தொடுகிறது. அடித்தட்டு நிலையாக உள்ள ரவுட்டரில் பலகையின் நடுவே வெட்டத் தொடங்க வேண்டுமானால், சுழலும் பிட்டைச் சாய்த்துத்தான் இறக்க வேண்டும். அந்த ஆபத்து இதில் இல்லை. ஆகவே வரிசை எப்போதும் ஒன்றுதான்: பிட் மேலே இருக்கும்போதே சுவிட்சைப் போட்டு, முழு வேகம் வந்ததும் இறக்கி, பூட்டி, நகர்த்த வேண்டும். வெட்டி முடித்ததும் பூட்டை விட்டு, பிட் மேலே வந்த பிறகு அணைக்க வேண்டும். பிட் நிற்கும் வரை ரவுட்டரைத் தூக்கக் கூடாது. அப்புறம், எல்லா பிட்டும் நேராக இறங்காது. அடி முனையிலும் வெட்டு விளிம்பு உள்ள பிட் மட்டுமே இறங்கும். மற்றவை மரத்தை எரித்துக்கொண்டு மேலேயே நிற்கும்.

இப்போது விசைக்கு வருவோம். மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாக, அதாவது கடிகார முள் போகும் திசையில் சுழல்கிறது. ரவுட்டரை உங்களிடமிருந்து முன்னே தள்ளுகிறீர்கள், பலகை அதற்கு இடப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிட்டின் இடது ஓரத்தில் வெட்டு விளிம்பு முன்னோக்கி ஓடுகிறது. அது மரத்தை முன்னே தள்ளும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மரம் ரவுட்டரைப் பின்னே, உங்களை நோக்கித் தள்ளும். கையில் ஓர் எதிர்ப்பு தெரியும். நீங்கள் தள்ளும் வரைதான் ரவுட்டர் முன்னேறும், தள்ளுவதை நிறுத்தினால் வெட்டுவதும் நின்றுவிடும். கட்டுப்பாடு உங்களிடம் இருக்கிறது.

பலகை வலப்பக்கம் இருந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே விளிம்பு பின்னோக்கி ஓடுவதால் மரம் ரவுட்டரை முன்னே இழுத்துக்கொண்டு போகும். விளிம்பு மரத்தில் நடக்கத் தொடங்கிவிடும். ஆழம் கொஞ்சம் அதிகமாக இருந்தாலோ, கணு ஒன்று குறுக்கிட்டாலோ, கருவி கையை மீறி ஓடும். கையேடுகளில் வரும் திசை விதிக்கு இதுதான் காரணம்: பலகையின் வெளி விளிம்புகளைச் சுற்றி வரும்போது இடஞ்சுழி, சட்டத்தின் உள் விளிம்பைச் சுற்றி வரும்போது வலஞ்சுழி. இரண்டிலுமே மரம் உங்கள் இடப்பக்கம்தான் இருக்கும். சிராய் பெயராமல் இருக்க, அனுபவமுள்ள தச்சர்கள் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எதிர்த்திசையில் சீவுவதுண்டு. கற்றுக்கொள்ளும் காலத்தில் அதை ஒதுக்கிவைப்பதே நல்லது.

காடி எடுக்கும்போது இருபுறமும் மரம் இருக்குமே, அப்போது? அங்கே சீவுவது பிட்டின் முன்பக்கம். முன்பக்கத்தில் விளிம்பு இடமிருந்து வலமாக ஓடுவதால், ரவுட்டர் இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். எனவே வழிகாட்டியாக ஒரு நேர்ச்சட்டத்தைக் கிளாம்ப் போடுவதாக இருந்தால் அதை ரவுட்டருக்கு இடப்பக்கம் வைக்க வேண்டும். ஒதுங்கும் விசையே அடித்தட்டைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். வலப்பக்கம் வைத்தால் ரவுட்டர் சட்டத்தை விட்டு விலகி, காடி கோணலாகும். கருவியோடு வரும் ஓர வழிகாட்டியில் இது மாறும். அது பலகையின் ஓரத்தைக் கொக்கிபோல் பற்றிக்கொண்டு வருவதால் வலது ஓரத்தில் ஓட வேண்டும். அப்போது இடப்பக்க இழுப்பு அதைப் பலகையோடு ஒட்டவைக்கும். காடி நேராக வரவில்லை என்று கருவியைக் குறை சொல்பவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது நகர்த்தும் வேகம். 24,000 சுற்று என்றால் நொடிக்கு 400. பிட்டில் இரண்டு வெட்டு விளிம்புகள் இருந்தால் நொடிக்கு 800 வெட்டு. ரவுட்டரை நொடிக்கு 50 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒவ்வொரு வெட்டும் எடுக்கும் சீவல் சுமார் 0.06 மில்லிமீட்டர். நொடிக்கு 10 மில்லிமீட்டர் என்று தயங்கித் தயங்கி நகர்த்தினால் அது 0.0125 ஆகிவிடும். அவ்வளவு மெல்லிய சீவலை விளிம்பால் ஒழுங்காக வெட்ட முடியாது, தேய்க்கத்தான் முடியும். வெட்டும்போது உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியைச் சீவல்கள் வெளியே எடுத்துச் செல்கின்றன. சீவலே சரியாக வராவிட்டால் வெப்பம் மரத்திலும் பிட்டிலும் தங்கிவிடும். மரம் கருகுவதும் பிட் சீக்கிரம் மழுங்குவதும் இதனால்தான். பயந்து மெதுவாகப் போவது பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் ரவுட்டரில் அது மரத்தையும் பிட்டையும் கெடுக்கிற வழி. பயம் இருந்தால் குறைக்க வேண்டியது ஆழத்தை. ஒரு தடவைக்கு பிட்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் ஆழம் போகாமல் இருப்பது நல்ல அளவு. 12 மில்லிமீட்டர் பிட்டில் 18 மில்லிமீட்டர் ஆழக் காடி வேண்டுமானால் மூன்று தடவை. அடித்தட்டில் உள்ள படிப்படியான ஆழ நிறுத்தி இதற்காகத்தான். மோட்டாரின் சத்தம் கனத்து இறங்கினால், நீங்கள் அதனிடம் வாங்கும் வேலை அதிகம் என்று பொருள்.

பிட் பெரிதானால் சுற்றைக் குறைக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு 24,000 சுற்றில் நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்றில் 75 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு மணிக்கு 340 கிலோமீட்டரை எட்டும். 10,000 சுற்றுக்குக் குறைத்தால் 141. பெரிய பிட்டில் சின்ன சமநிலைக் குறைகூட அந்த வேகத்தில் பேயாட்டம் ஆடும். பிட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டவே கூடாது. இவ்வளவு பெரிய பிட்டை ரவுட்டர் மேசையில் (ரவுட்டரைத் தலைகீழாகப் பொருத்திய மேசையில்) மட்டுமே ஓட்ட வேண்டும், கையில் பிடித்து அல்ல.

இத்தனை விசையையும் தாங்கிப் பிட்டைப் பிடித்திருப்பது காலெட் என்ற சின்னக் குழல். பிளவுகள் உள்ள கூம்பு வடிவக் குழல் அது. நட்டை முறுக்கும்போது கூம்பு உள்ளே இறங்கி, குழல் சுருங்கி, பிட்டின் தண்டைச் சுற்றிலும் கவ்வுகிறது. பற்களோ ஆணியோ கிடையாது, முழுக்க உராய்வுதான். எனவே தண்டும் காலெட்டும் முழு நீளத்துக்கும் ஒட்டியிருக்க வேண்டும். இடையில் மரத்தூளோ பிசினோ இருந்தால் சில புள்ளிகளில் மட்டுமே பிடிப்பு இருக்கும், பிட் வழுக்கும். வெட்ட வெட்ட காடியின் ஆழம் கூடிக்கொண்டே போனால், பிட் காலெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். 6 மில்லிமீட்டர் தண்டும் கால் அங்குலத் தண்டும் ஒன்றல்ல, கால் அங்குலம் என்பது 6.35. 12 மில்லிமீட்டருக்கும் அரை அங்குலத்துக்கும், அதாவது 12.7க்கும், அதே கதை. அந்தந்தத் தண்டுக்கு அந்தந்தக் காலெட்தான். கருவி ஏற்குமானால் அரை அங்குலத் தண்டே சிறந்தது. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால், அது கால் அங்குலத் தண்டைவிட 16 மடங்கு வளையாமல் நிற்கும்.

பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்டை அடி வரை தள்ளி, பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து முறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டிருந்தால், கூம்பு இறங்கும்போது தண்டால் கூடவே இறங்க முடியாமல் பிடிப்பு பொய்யாகிவிடும். பிட் இல்லாமல் காலெட்டை முறுக்கினால் அது உருக்குலையும்.

மரத்தைக் கிளாம்ப் போட்டே வெட்ட வேண்டும். கண்ணாடி, காது மூடி, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் சேர்வதால் அதற்குத் தூசி உறிஞ்சி இல்லாமல் வேலை செய்ய வேண்டாம்.

பராமரிப்பு எளிது. பிட்டில் படியும் பிசின் வெப்பத்தைக் கூட்டும். பிசின் நீக்கும் திரவத்தில் ஊறவைத்து பிரஷால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் பேரிங் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். தூண்களுக்கு எண்ணெய் போடாதீர்கள். மரத்தூள் அதில் ஒட்டிப் பசையாகி இறக்கத்தைத் தடுக்கும். துடைத்துவிட்டு மெல்லிய மெழுகு பூசினால் போதும். மோட்டாரின் காற்றுத் துளைகளை அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலோ உள்ளே பொறி அதிகமானாலோ மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷைப் பாருங்கள். பல பிரஷ்களில் தேய்மான எல்லைக்கு ஒரு கோடு இருக்கும், அதுவரை தேய்ந்துவிட்டால் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். புதிது போட்ட பிறகு சுமையில்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டால், அதன் முனை, அது உரசும் கம்யூட்டேட்டர் என்ற செம்பு உருளையின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து படிந்துகொள்ளும்.