சாடின் டின்னில் இருக்கும் சிவப்பு

போன மாதம் பினாங்கில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்த ஓர் ஐயா, பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். லைகோபீன் மாத்திரை, 120 ரிங்கிட். "புரோஸ்டேட்டுக்கு நல்லதுன்னு கூட்டாளி சொன்னாருங்க. இதச் சாப்பிட ஆரம்பிச்சதும் பிரஷர் மாத்திரையப் பாதியாக்கிட்டேன்." அன்று அவருடைய ரத்த அழுத்தம் 168/96.

லைகோபீன் நல்ல பொருள்தான். தக்காளி, தர்பூசணி, சிவப்புப் பப்பாளி, சிவப்புக் கொய்யா இவற்றின் நிறமே அது. செல்களை அரிக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. (சிவப்பெல்லாம் லைகோபீன் அல்ல. ஸ்ட்ராபெரியில் இருப்பது ஆந்தோசயனின், டிராகன் பழத்தில் பீட்டாலைன்.)

புரோஸ்டேட் பேச்சுக்கும் ஆதாரம் உண்டு. 1995-இல் வெளிவந்த ஹார்வர்ட் ஆய்வு சுமார் 48,000 ஆண்களைப் பின்தொடர்ந்தது. தக்காளி உணவுகளை அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் குறைவாக வந்திருந்தது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது சாஸும் பீட்சாவும், மாத்திரை அல்ல. லைகோபீனைத் தனியாக எடுத்தால் புற்றுநோய் குறையும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-இல் சொல்லிவிட்டது.

"வீட்ல சாடின் மீன் டின் எத்தன தடவ திறப்பீங்க ஐயா?" என்று கேட்டேன். வாரம் மூன்று தடவையாம். அந்த டின்னில் மீனைச் சுற்றியிருப்பது தக்காளிச் சாறுதான். சமைக்காத தக்காளித் துண்டில் லைகோபீன் செல்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும். சூடுபட்டால் சுவர் உடையும், மூலக்கூறின் வடிவமும் உடல் எளிதில் உறிஞ்சும்படி மாறும். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் எண்ணெயும் வேண்டும். வெங்காயம் தாளித்துச் சாடின் பிரட்டும்போது இதெல்லாம் தானாக நடந்துவிடுகிறது. தக்காளித் தொக்கும் அப்படித்தான். டின்னிலேயே உப்பு இருக்கிறது, அதனால் பிரஷர்காரர்கள் மேலும் உப்புப் போட வேண்டாம்.

தர்பூசணியை வேகவைக்கத் தேவையில்லை. 100 கிராம் தக்காளியில் சுமார் 2.5 மில்லிகிராம் லைகோபீன் என்றால், தர்பூசணியில் 4.5, சிவப்புக் கொய்யாவில் 5. வெட்டிய கொய்யாமேல் தூவித் தரும் அசாம்போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) தூள் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதிலும் உப்பு. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குத் தர்பூசணி ஒரு சின்னக் கிண்ணம் போதும். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், தக்காளியையும் பப்பாளியையும் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பிரஷர் மாத்திரையின் வேலையை எந்தப் பழமும் செய்யாது. ஐயாவை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மருத்துவரை அங்கிருந்தே அழைத்து, மறுநாள் காலைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தேன்.

"அப்போ இந்தப் போத்தல என்னம்மா செய்றது?"

"நாளைக்குக் கையோட கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க ஐயா. பாதியாக்குனதையும் மறைக்காம சொல்லிடுங்க."