இக்னிஷன்: சாவிக்கு அப்பால் ஒரு சொல்

‘இக்னிஷனை ஆன் பண்ணு’ என்றால் சாவியைத் திருப்பு என்றே புரிந்துகொள்கிறோம். பழைய பெட்ரோல் பிக்கப் வண்டியின் பானட்டைத் திறந்து வேலை பார்ப்பவருக்கு அந்தச் சாவி வெறும் தொடக்கம். பேட்டரி, மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில், அதைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட்டும் அது கருகாமல் காக்கும் கண்டன்சரும், மேலே சுழலும் ரோட்டர், அதன் மூடி, மூடியிலிருந்து பிரியும் ஒயர்கள், கடைசியில் ஸ்பார்க் பிளக். இந்த வரிசை முழுவதற்கும் பெயர் இக்னிஷன்.

லத்தீனில் ‘இக்னிஸ்’ என்றால் தீ. சமஸ்கிருத ‘அக்னி’ இதன் உடன்பிறப்பு; இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. அந்த அக்னியைத் தமிழ் ‘அக்கினி’ என்றும் ‘அங்கி’ என்றும் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஆங்கிலத்தில் இக்னிஷன் 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தபோது எஞ்சின் என்ற பேச்சே கிடையாது. ஒரு பொருளைக் கனலும் அளவுக்குச் சூடேற்றுவதைத்தான் அது குறித்தது. வேதியியல் ஆய்வகத்தில் மூசை எனும் சூடு தாங்கும் கிண்ணத்தில் வைத்துக் கடுமையாகச் சூடாக்குவதை இன்றும் இக்னிஷன் என்றே சொல்கிறார்கள். எஞ்சினுக்கு இந்தச் சொல் வந்தது 19ஆம் நூற்றாண்டில்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘எரியூட்டல்’ என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது உவப்பில்லை. செய்தித்தாளில் ‘உடல் எரியூட்டப்பட்டது’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு வண்டிக் கையேட்டில் அந்தச் சொல் உறுத்தும். ‘தீமூட்டல்’ பொருத்தமானது. மூட்டுவதற்கு ஒருவர் வேண்டும், ஒரு கருவி வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் அதைச் செய்வது பிளக். டீசல் எஞ்சினில் மூட்டுவார் யாருமில்லை. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே அங்கே ‘தீப்பற்றல்’. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் அடைமொழி சேர்க்கிறது. நம் வினைச்சொற்களிலேயே அந்த வேறுபாடு இருக்கிறது. அமைப்பு முழுவதையும் குறிக்க ‘தீமூட்டமைப்பு’ போதும். தீக்கடைகோலுக்கு ‘ஞெலிகோல்’ என்ற பழஞ்சொல் புறநானூற்றில் இருக்கிறது. அழகான சொல்தான், ஆனால் பிளக்குக்கு அதைச் சூட்டினால் கடைக்காரர் விழிப்பார். ஸ்பார்க்குக்குத் தடுமாற வேண்டியதில்லை: பொறி. இயந்திரத்துக்கும் பொறி என்றே பெயர் என்பதால், ‘தீப்பொறி’ என்று முழுதாக எழுதினால் குழப்பம் வராது.

சொல்லைவிட வேலை நுணுக்கமானது. பாயிண்ட், காயில் கொண்ட பேட்டரி இக்னிஷனை அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கினார். 1910ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் அது வந்தது. 1970களின் நடுவில் எலக்ட்ரானிக் இக்னிஷன் பரவும்வரை பிக்கப்புகளும் அதில்தான் ஓடின. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் பாய்கிறது. திறந்த கணத்தில் அது அறுபட, 12 வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாக எகிறிப் பிளக்கில் பொறியாகிறது. 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு நொடிக்கு 200 பொறிகள் வேண்டும்.

பாயிண்ட் இடைவெளி எஞ்சினைப் பொறுத்து ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மி.மீ. வரை இருக்கும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகி இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் சிறு குமிழ், சுழலும் புடைப்பான கேமில் உரசி உரசித் தேயும். தேயத் தேய இடைவெளி குறுகும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் பிந்தும். இடைவெளியை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் டைமிங்கில், அதாவது பொறி விழும் நேரத்தில், கை வைக்க வேண்டும் என்பது இதனால்தான்; மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டை அடித்து, முன்பக்கப் புல்லியில் உள்ள கோடு உரிய டிகிரியில் நிற்கும்வரை மெல்லத் திருப்புகிறோம். அட்வான்ஸ், ரிட்டார்ட் என்ற சொற்களுக்கு ‘முந்தல்’, ‘பிந்தல்’ என்பவை அளவெடுத்த மாதிரி பொருந்தும்.

பொறி பிந்தினால் அதன் விளைவைப் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டில் பார்க்கலாம். வால்வு திறக்கும்போதும் தீ அணையாமல் இருப்பதால் சூடெல்லாம் வெளியே போகிறது. சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்ட் மங்கலாகச் சிவக்கவும் கூடும். ஒரு பிளக் அடிக்காமல் போனால் எரியாத கலவை குழாய்க்குள் போய் அங்கே வெடிக்கும். ‘சைலன்சர் வெடிக்குது’ என்று சொல்லிச் சைலன்சரைக் கழற்றப் போகிறவர் முதலில் பிளக் ஒயரைப் பார்ப்பது நல்லது.

எக்ஸாஸ்ட் என்ற சொல்லும் லத்தீன்தான்: மொண்டு வெளியேற்றுவது என்று மூலப்பொருள். நீர் இறைப்பதற்கான வினை அது. கிணறு வற்ற இறைப்பதும் ஆள் களைத்துப்போவதும் ஆங்கிலத்தில் ஒரே வேரில் கிளைத்தவை. ஆங்கிலம் புகையையும் குழாயையும் இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடும். தமிழில் பிரித்துச் சொல்லலாம்: வெளிவருவது ‘கழிவளி’, அது போகும் வழி ‘புகைபோக்கி’. மேனிஃபோல்ட் என்பது ‘பல’, ‘மடிப்பு’ என்ற இரண்டு பழைய ஆங்கிலச் சொற்களின் கூட்டு. நம் ‘பன்மடங்கு’ம் அப்படியே. சிலிண்டருக்கொரு கிளையாகத் தொடங்கி ஒன்றாகக் கூடும் அந்த வார்ப்பிரும்பை ‘கிளைக்குழாய்’ என்றால் பார்த்தவருக்கு உடனே விளங்கும்.

சைலன்சர் என்பதை மட்டும் நாம் அளவுக்கு மீறி நீட்டிவிட்டோம். அது நடுவில் இருக்கும் ஒலியடக்கிப் பெட்டி மட்டும். அமெரிக்கர் அதை மஃப்ளர் என்பார்கள். எஞ்சின் ஹெட்டோடு மேனிஃபோல்ட் சேரும் இடத்தில் கசிந்தால்கூடச் ‘சைலன்சர் ஓட்டை’ என்கிறோம். அந்தக் கசிவின் அடையாளம் வேறு: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் ‘டிக் டிக்’ என்று கேட்கும், சூடேறி இரும்பு விரிந்ததும் சத்தம் குறையும் அல்லது நின்றுவிடும். ஓரத்தில் ஒரு போல்ட் முறிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம், எஞ்சின் ஆறிய பிறகு.

1975 முதல் அமெரிக்க வண்டிகளில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், தமிழில் ‘வினையூக்கி மாற்றி’, பரவலாக வந்தது. அது பொருத்திய பிக்கப்பில் ஒரு பிளக் அடிக்காமலேயே ஓட்டினால், எரியாத பெட்ரோல் அதற்குள் எரிந்து உள்ளிருக்கும் பீங்கான் கூடு உருகி அடைத்துக்கொள்ளும்.