120 கிரெடிட் சேர்ந்துவிட்டது, பட்டம் எங்கே?

இளங்கலை வணிக மேலாண்மை படிக்கும் மாணவரிடம் "எப்போது முடிக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பாடங்களை முடிக்கும்போது சேரும் புள்ளிகளான கிரெடிட்டைக் கணக்கிட்டு "இன்னும் 18 கிரெடிட்தான்" என்பார், உண்டியலில் காசு எண்ணுகிறவரைப் போல. பல்கலைக்கழகம் அப்படி எண்ணுவதில்லை. எந்தக் காசு எந்த உண்டியலில் விழுந்தது என்றுதான் பார்க்கிறது.

மொத்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். ஐரோப்பிய முறையில் மூன்றாண்டுப் படிப்புக்கு 180. இங்கிலாந்தில் ஆனர்ஸ் பட்டத்துக்கு 360. எண் பெரியது என்பதால் படிப்பு கடினம் என்று பொருளில்லை, அளவுகோல்தான் வேறு. ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, இங்கிலாந்தில் 10 மணி நேரம்.

இந்த மொத்தத்துக்குள் தனித்தனிப் பிரிவுகள் உண்டு: மொழி, கணிதம் போன்ற பொதுப் பாடங்கள், கணக்கியல், பொருளியல், புள்ளியியல், சந்தைப்படுத்தல், வணிகச் சட்டம் என்று வணிக மாணவர் எல்லோரும் படிக்கும் கட்டாயப் பாடங்கள், தேர்ந்தெடுத்த சிறப்புத் துறைக்கான பாடங்கள், கடைசியாக விருப்பப் பாடங்கள். விருப்பப் பாடத்தில் கூடுதலாக எடுத்த ஆறு கிரெடிட், கட்டாயப் பாடத்தில் குறையும் மூன்றை ஈடு செய்யாது.

வணிகப் படிப்பில் பலரும் சறுக்கும் இடம் முன்தேவைப் பாடங்கள். நிதிக் கணக்கியல் முடித்தால்தான் மேலாண்மைக் கணக்கியல். அதை முடித்தால்தான் நிறுவன நிதி. அதற்கும் பிறகுதான் இறுதி செமஸ்டரின் வியூக மேலாண்மை என்று ஒரு பாடத்திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு பாடம், நான்கு செமஸ்டர். ஒருவர் ஐந்தாவது செமஸ்டரில் தொடங்கினால் எட்டாவதில் மயிரிழையில் முடித்துவிடலாம். ஆனால் முதல் பாடத்திலேயே தோற்று, அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படுகிறது என்றால், அடுத்த வாய்ப்பு ஏழாவது செமஸ்டரில். சங்கிலி பத்தாவதில்தான் முடியும். போனது மூன்று கிரெடிட், விலை ஓர் ஆண்டு! கணக்கியலை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதைப் போன்ற அசட்டுத் துணிச்சல் வேறில்லை என்பேன்.

மதிப்பெண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 4.0 உச்சமாக உள்ள அளவில் மொத்தச் சராசரி 2.0 இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. இதோடு வணிகப் பாடங்களுக்கென்று தனிச் சராசரியும், சில பாடங்களில் குறைந்தது 'சி' கிரேடும் கேட்கும் கல்லூரிகள் உண்டு. அங்கே 'டி' வாங்கியவர் தேர்ச்சி பெற்றவர்தான். ஆனால் அந்தப் பாடம் துறைக் கணக்கில் சேராது. திரும்ப எழுதி 'பி' வாங்கினாலும் கிரெடிட் வழக்கமாக ஒரு முறைதான் சேரும். 120 முடித்தோம் என்று நினைத்தவருக்கு 117 என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்கள் "உங்கள் கிரெடிட்டை ஏற்றுக்கொண்டோம்" என்ற கடிதத்தைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. எந்தப் பிரிவில் ஏற்றார்கள் என்று கேளுங்கள். அங்கே படித்த புள்ளியியல் இங்கே வெறும் விருப்பப் பாடமாக வரவு வைக்கப்பட்டிருந்தால், கட்டாயப் புள்ளியியல் அப்படியே பாக்கி நிற்கும். ஒரு பாடத்திலிருந்து விலக்கு தருவதாக ஆலோசகர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். அவர் மாறிப் போனால் அந்த வாக்குறுதியும் அவரோடு போய்விடும்.

பாடத்திட்டம் இடையில் மாறினால் பொதுவாக நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிகளே உங்களுக்குப் பொருந்தும். நீண்ட விடுப்பில் போய்த் திரும்பினால் இந்தப் பாதுகாப்பு சில இடங்களில் போய்விடும்; விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எல்லாம் நிறைவேறினாலும் பட்டம் தானாக வராத பல்கலைக்கழகங்கள் ஏராளம். பட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. அந்தத் தேதி இறுதி செமஸ்டரின் தொடக்கத்திலேயே, சில இடங்களில் அதற்கும் முன்பே, வந்துவிடுகிறது.