ட்ரோன் வரைபடத்துக்குப் பணம் கொடுக்கும் முன்: லாம்டன் அளந்த விதமும் நாம் கேட்க வேண்டியவையும்

ஒத்தக்கடை, திருமங்கலம், சோழவந்தான் என்று மதுரையைச் சுற்றி எங்கே பிளாட் போட்டாலும் இப்போது முதலில் பறப்பது ட்ரோன். பத்து ஏக்கர் தோப்பு அரை மணி நேரத்தில் படம் பிடிக்கப்பட்டு, இரண்டொரு நாளில் கலர் வரைபடமாகக் கைக்கு வந்துவிடுகிறது. வரப்பில் நிற்கும் சைக்கிள்கூடத் தெரிவதால், அளவும் அவ்வளவு சரியாக இருக்கும் என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார். தெளிவு கேமராவைப் பொறுத்தது. துல்லியம் தரையில் எத்தனை இடத்தில் சரிபார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தச் சரிபார்ப்பையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் வில்லியம் லாம்டன்.

யார்க்‌ஷயர்காரர், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது ஓர் இரவு, படை வடக்கே போவதற்குப் பதில் தெற்கே எதிரியை நோக்கிப் போகிறது என்பதை விண்மீன்களைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னவர். தீபகற்பத்தை முக்கோணங்களால் அளக்கும் பணியில், சென்னை பரங்கிமலை அருகே 1802 ஏப்ரல் 10-ல் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற முக்கோணங்களைக் கணக்கிட ஆதாரமாக நேரடியாக அளக்கும் கோட்டைத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை மட்டமாக வரிசையாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, வெப்பமானி வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். இப்படி 400 தடவை. இன்னொரு சங்கிலி வேலைக்கே எடுக்கப்படாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் பத்திரமாக இருந்தது.

சூட்டை ஏன் குறிக்க வேண்டும்? 30 மீட்டர் எஃகு டேப் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 0.35 மில்லிமீட்டர் நீளும். காலைக்கும் நண்பகலுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் மூன்றரை மில்லிமீட்டர். வீட்டு மனைக்கு இது ஒன்றுமில்லை. ஏழரை மைலுக்குப் பெருக்கினால் ஒன்றரை மீட்டரை நெருங்குகிறது. அந்தக் கோட்டின் மேல் அடுக்கப்படும் ஒவ்வொரு முக்கோணமும் பிழையைச் சுமந்துகொண்டே போகும்.

கோணம் பார்க்கும் தியோடலைட் அரை டன் எடை. லண்டனில் இருந்து வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் போய், பின் அவர்களே மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். குன்று இல்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களையே உயரப் புள்ளிகளாக்கினார் லாம்டன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, 36 அங்குல வட்டத் தகடு நெளிந்தது. ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வட்டத்தைத் தட்டி நிமிர்த்தி எடுத்தார். வேறொருவர் என்றால் லண்டனுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்பார்.

நம் வேலைக்கு இவற்றைவிட முக்கியமானது பெங்களூரு. முக்கோணக் கணக்குப்படி அங்கே ஒரு கோட்டின் நீளம் இவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்த பிறகும், 1804-ல் அதைச் சங்கிலியால் நேரடியாக அளந்து பார்த்தார்கள். வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. கணக்கில் சேராத ஓர் அளவைக் கொண்டு கணக்கைச் சோதிப்பதுதான் இதில் விஷயம். 1823-ல் மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறக்கும்வரை அவர் இந்த முறையைக் கைவிடவில்லை.

ட்ரோன் வேலையில் இதற்கு இணையானது செக் பாயிண்ட், அதாவது வரைபடக் கணக்கில் சேர்க்காமல் சோதிப்பதற்கு மட்டும் வைக்கும் புள்ளி. அதற்கு முன் கணக்கில் சேரும் புள்ளிகள். தரையில் வெள்ளை–கறுப்புக் குறி வைத்து டிஜிபிஎஸ் என்ற துல்லிய ஜிபிஎஸ் கருவியால் இடம் குறிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் சிறிய நிலத்துக்கும் குறைந்தது ஐந்து வேண்டும்: நான்கு மூலை, நடுவில் ஒன்று. ஓரத்தில் மட்டும் வைத்தால் மென்பொருள் நடுப்பகுதியை மேடாகவோ பள்ளமாகவோ வளைத்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. இவை போக, கணக்கில் சேர்க்காத இரண்டு மூன்று புள்ளிகளில் பிழை எவ்வளவு என்று அறிக்கை கேளுங்கள். வழக்கமான 20 மெகாபிக்சல் கேமராவோடு 120 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு பிக்சல் தரையில் சுமார் 3.3 சென்டிமீட்டர். கிடைமட்டப் பிழை இதில் ஒன்றிரண்டு மடங்குக்குள் வர வேண்டும்.

தென்னந்தோப்பும் கண்மாயும் தனித் தொல்லை. ஆடிக் காற்றில் ஓலை ஆடுவதால் அடுத்தடுத்த படங்களில் ஒரே புள்ளி அகப்படாது. தண்ணீர்ப் பரப்பில் அகப்படவே அகப்படாது. முன்பின் படங்கள் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பறக்க வேண்டும். தோப்புக்குள் மறைந்திருக்கும் கல்லை எந்த உயரத்தில் பறந்தாலும் பார்க்க முடியாது. அதற்குக் கோணமும் தூரமும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு ஆள் இறங்க வேண்டும்.

எல்லைக்கு வருவோம். ட்ரோன் காட்டுவது வேலி. சட்டப்படியான எல்லை புலப்படத்தில், அதாவது எஃப்எம்பியில் இருக்கிறது. அந்த அளவை நிலத்தில் காட்டுவது சர்வே கல். பழைய எஃப்எம்பி லிங்க் கணக்கில் இருந்தால் ஒரு லிங்க் 7.92 அங்குலம், ஒரு சென்ட் 1,000 சதுர லிங்க். அதில் உள்ள நீளங்கள் எல்லாம் கிடைமட்ட நீளம். யானைமலை அடிவாரம் போன்ற சரிவில் 30 மீட்டருக்கு 3 மீட்டர் ஏற்றம் இருந்து, டேப்பைத் தரையோடு போட்டு அளந்தால் 15 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். பக்கத்து நிலத்துக்காரர் தின்றுவிட்டார் என்ற சண்டையில் பாதி இங்கே தொடங்குகிறது.

எஃப்எம்பியைப் படத்தின் மேல் பொருத்தும்போது, இன்றும் அசையாமல் நிற்கும் மூன்று கற்களையாவது கண்டுபிடித்துப் பொருத்த வேண்டும். திருப்பலாம், நகர்த்தலாம். வேலியோடு ஒட்டுவதற்காக இழுத்து நீட்டக் கூடாது. நீட்டினால் ஆக்கிரமிப்பும் அழகாகப் பொருந்திவிடும். செல்போன் ஜிபிஎஸ்ஸில் எல்லை பார்ப்பதோ இன்னும் மோசம். திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளும். பத்து மீட்டர் அகல மனையில் அது மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை.

மதுரைக்கென்றே ஒரு பொறி உண்டு. லாம்டன் தொடங்கிய பெரும் வில், அதாவது தெற்கு வடக்காகப் போகும் நீண்ட அளவைக் கோடு எந்தத் தீர்க்கரேகையை ஒட்டிப் போகிறதோ, அந்த 78 டிகிரி நகருக்கு மேற்கே செக்கானூரணி பக்கமாகப் போகிறது. பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் வரைபட முறையில் அதுதான் 43-க்கும் 44-க்கும் மண்டல எல்லை. மதுரை நகரம் 44, உசிலம்பட்டி 43. மண்டல எண் எழுதாத கோஆர்டினேட் பட்டியலை வாங்காதீர்கள். பின்னால் ஒருவர் தப்பான எண்ணைப் போட்டால் நிலம் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும்.

விலைப்புள்ளி இரண்டு பேரிடம் கேட்டால் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பவர்கள் இடத்தையும் பாருங்கள். விமான நிலையச் சுற்றெல்லையில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் 200 அடிக்கு மேல் பறக்கக் கூடாது. அதைவிட நெருங்கினால் அனுமதி கட்டாயம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில், நம் நிலம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எந்த நிற ட்ரோன் மண்டலத்தில் வருகிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 400 அடிக்குப் பதில் 200 அடியில் பறந்தால் படங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்கு, பேட்டரியும் அதற்கேற்ப. விமான நிலையத்தை ஒட்டிய அவனியாபுரம், பெருங்குடி பக்கமோ பறக்கவே அனுமதி வாங்க வேண்டும்; அங்கே நிலம் வைத்திருப்பவருக்கு ரேட் கூடுதலாகச் சொன்னால் அது நியாயமான காரணம்தான்.